தோட்டாக் கணக்கு முதலில், ரைஃபிள் அப்புறம்

கேள்வி: இரண்டு வருடமாகக் கிளப்பில் .22 ரைஃபிளில் 50 மீட்டர் சுட்டு வருகிறேன். இப்போது 600 மீட்டர், முடிந்தால் அதற்கு மேலும் சுட ஆசை. உரிமத்துக்கான வேலை நடக்கிறது. கையில் இருக்கும் பணம் அளவானதுதான். ஒரு நண்பர் .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கு என்கிறார், இன்னொருவர் .308 போதும் என்கிறார். கடையில் ஸ்கோப்போடு சேர்த்து வரும் ஒரு செட்டைக் காட்டுகிறார்கள். எந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை வாங்கட்டும்? பழையது வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது 6.5 கிரீட்மோர் தோட்டா, கனமான குழல், டிக்கா, ஹோவா, பெர்காரா ஆகிய மூன்றில் உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்துகிற ஒன்று. ஆனால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள். நீங்கள் சுடப்போகும் தளத்தைப் பற்றி ஒரே ஒரு தகவல் தெரிந்தால் இந்தப் பதிலே மாறிவிடலாம். நீங்கள் அதை எழுதவில்லை.

அங்கே என்ன போட்டி நடக்கிறது? எத்தனை மீட்டர் வரை இடம் இருக்கிறது? படுத்தபடி, ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியாகத் தூர இலக்கைச் சுடும் எஃப் கிளாஸ் போட்டியில் எஃப்.டி.ஆர் என்று ஒரு பிரிவு உண்டு. அதில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் இரண்டுக்கு மட்டும்தான் அனுமதி. உங்கள் தளத்தில் எல்லோரும் அதைத்தான் சுடுகிறார்கள் என்றால், நீங்கள் 6.5 கிரீட்மோரோடு போய் நின்றால் திறந்த பிரிவில்தான் சேர்ப்பார்கள். அங்கே பத்து கிலோ எடையுள்ள, 7 மி.மீ. தோட்டா சுடும், தனியாகக் கட்டிய ரைஃபிள்களோடு மோத வேண்டியிருக்கும். அந்த இடத்தில் .308 சொன்ன நண்பர்தான் சரி. மாறாக, பல தூரங்களில் இரும்புத் தகடுகள் வைத்து, தடுப்புகள் மேலும் முட்டிபோட்டும் சுடுகிற போட்டி என்றால் 6.5 கிரீட்மோர் மிகவும் பொருத்தம். தளத்தின் நீளமே 600 மீட்டர்தான் என்றால் .223 கூடப் போதும், செலவும் பாதியாகக் குறையும். சட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ராணுவம் பயன்படுத்தும் தோட்டா வகைகளைப் பொதுமக்களுக்குத் தராத நாடுகள் உண்டு. உரிமம் எந்த வகைக்குக் கிடைக்கும் என்று எழுத்தில் தெரிந்துகொள்ளும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி பணம். மலிவான ரைஃபிள் வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லோரும் ரைஃபிளின் விலையையே பார்க்கிறார்கள். இந்த விளையாட்டில் பணம் கரைவது தோட்டாவில். மாதம் நூறு தோட்டா என்று வைத்தால் வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு. போட்டித் தரத் தோட்டாவின் விலையை அதோடு பெருக்கிப் பாருங்கள், ரைஃபிளின் விலையைத் தாண்டியிருக்கும். அதனால் முதலில் ஒரு வருடத் தோட்டாவுக்கான தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். மீதியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி ரைஃபிளுக்கு, ஒரு பாதி ஸ்கோப்புக்கும் அதன் பிடிமானத்துக்கும். இந்தக் கணக்கு போட்டபின் ரைஃபிளுக்கென்று மிஞ்சுவது குறைவாகத் தெரியும். பரவாயில்லை. இன்று தொழிற்சாலையிலிருந்து வரும் எளிய ரைஃபிள்களே, முன்பு தனியாகக் கட்டிய ரைஃபிள் செய்த வேலையைச் செய்கின்றன. நல்ல ரைஃபிள் வாங்கிவிட்டு, தோட்டாவுக்குக் காசில்லாமல் அலமாரியில் வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஏன் விலை உயர்ந்த ரைஃபிள் இப்போது உங்களுக்குத் தேவையில்லை என்பதை எண்களில் காட்டுகிறேன். எம்.ஓ.ஏ என்பது ஒரு கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு எம்.ஓ.ஏ 100 மீட்டரில் 2.9 செ.மீ. அதுவே 800 மீட்டரில் சுமார் 23 செ.மீ. சாதாரண ரைஃபிள் ஒரு எம்.ஓ.ஏ அகலத்துக்குள் குண்டுகளைப் போடுகிறது, விலை உயர்ந்தது அரை எம்.ஓ.ஏ-க்குள் போடுகிறது என்று வையுங்கள். 800 மீட்டரில் 23 செ.மீ. வட்டம், 12 செ.மீ. வட்டம். மையத்திலிருந்து கணக்கிட்டால் வித்தியாசம் ஐந்தாறு செ.மீ.தான். அதே தூரத்தில் குறுக்குக் காற்றை வினாடிக்கு ஒரு மீட்டர் தவறாகக் கணித்தால் 6.5 கிரீட்மோர் குண்டு 28 செ.மீ. போல நகர்ந்துவிடும். .308இல் 175 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு என்றால் 40 செ.மீ. வரை போகும். வினாடிக்கு ஒரு மீட்டர் என்பது முகத்தில் படும்போது உணரக்கூட முடியாத வேறுபாடு. ஆக, நீங்கள் தவறவிடும் குண்டுகளில் பெரும்பாலானவை காற்றால் தவறுபவை. அதைச் சரிசெய்ய ஒரே வழி நிறையச் சுடுவது. அதனால்தான் தோட்டாவுக்குப் பணம் ஒதுக்கச் சொல்கிறேன்.

தோட்டா வகைகளுக்கு வருவோம். மேக்னம் வேண்டாம். .300 வின்செஸ்டர் மேக்னம் நல்ல தோட்டாதான், ஆனால் ஒரே எடையுள்ள ரைஃபிளில் அதன் உதை 6.5 கிரீட்மோரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. .22இல் பழகிய தோளும் கண்ணும் அந்த உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் முன்பே சிமிட்டத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கம் ஒரே மாதத்தில் வந்துவிடும், போகப் பல மாதம் ஆகும். தோட்டாவும் விலை அதிகம், குழலும் சீக்கிரம் தேயும்.

6.5 கிரீட்மோரை ஹார்னடி நிறுவனம் 2007இல் கொண்டுவந்தது. வேட்டைக்கு வந்ததைப் பிற்பாடு இலக்குக்குப் பழக்கிய கதை அல்ல இது, தூர இலக்குப் போட்டிக்காகவே வடிவமைத்தார்கள். நீளமான, ஒல்லியான குண்டு காற்றை நன்றாகக் கிழித்துப் போகும். 140 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 820 மீட்டர் போல வெளியேறி, 1,000 மீட்டர் வரை ஒலியின் வேகத்துக்கு மேலேயே பறக்கும். இது முக்கியம், ஏனென்றால் ஒலி வேகத்தைக் கடந்து கீழே இறங்கும் கட்டத்தில்தான் பல குண்டுகள் தள்ளாடுகின்றன. .308இன் புகழ்பெற்ற 168 கிரெய்ன் போட்டிக் குண்டு 800, 900 மீட்டர் வாக்கில் அப்படித் தடுமாறும். அந்தத் தூரத்துக்கு .308 சுடுபவர்கள் 175 கிரெய்னுக்கோ, அதைவிட நல்ல வடிவமுள்ள குண்டுக்கோ போவார்கள். .308 வின்செஸ்டர் 1952இல் வந்த தோட்டா. அதன் பெரிய பலம் குழலின் ஆயுள்தான். ஐயாயிரம் தோட்டாவுக்கு மேலும் துல்லியம் நிற்கும். 6.5 கிரீட்மோரில் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்துக்குள் குழலை மாற்றும் நிலை வரலாம். மாதம் நூறு தோட்டா சுடுபவருக்கு அது இரண்டு வருடம். குழலைத் தேயும் பொருளாகவே நினையுங்கள், அதற்கும் கொஞ்சம் பணம் சேர்த்து வையுங்கள்.

.223 வாங்குவதென்றால் ஒரு விஷயம் கட்டாயம் பாருங்கள். குழலின் உட்புறச் சுழல் வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன? 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது லேசான குண்டுக்கானது. தூரம் சுடத் தேவையான 75, 77 கிரெய்ன் குண்டு அதில் நிலைபெறாது. 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அல்லது 7 வேண்டும். 6.5 கிரீட்மோரில் வழக்கமாகவே 8தான் வரும், கவலை இல்லை.

போல்ட் ஆக்‌ஷன் என்று, அதாவது ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் வகை என்று, நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள், நல்லது. பாகங்கள் குறைவு, கொடுக்கும் காசு நேராகக் குழலுக்கும் விசைக்கும் போகிறது. அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

இப்போது ரைஃபிள்கள். டிக்கா டி3எக்ஸ் பின்லாந்தில் சாக்கோ தொழிற்சாலையில் செய்வது. போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும், விசை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நன்றாக இருக்கும், குழல்களின் தரம் ஒன்றுக்கொன்று அதிகம் மாறாது. மேகசின் (தோட்டாப் பெட்டி) அதற்கே உரியது, விலை சற்று அதிகம். கனமான குழல் வருகிற வகையைக் கேளுங்கள். ஹோவா 1500 ஜப்பானில் செய்வது. கொஞ்சம் கனம், ஆனால் உறுதியான உலோக வேலை, இரண்டு கட்ட விசை. குழலும் ஆக்‌ஷனும் (போல்ட் ஓடும் பகுதி) மட்டும் தனியாகவும் விற்கிறார்கள், பின்னால் விருப்பமான சேஸியில், அதாவது ரைஃபிளைத் தாங்கும் உலோகச் சட்டத்தில், பொருத்தலாம். பணத்தைத் தவணையாகப் பிரித்துச் செலவழிக்க நினைப்பவருக்கு இது வசதி. ஸ்பெயினின் பெர்காரா பி-14 எச்.எம்.ஆர் வாங்கினால் கன்னத் தாங்கியை உயர்த்தலாம், உள்ளே அலுமினியச் சட்டம் இருக்கிறது, பரவலாகக் கிடைக்கும் ஏ.ஐ.சி.எஸ் வகை மேகசினை ஏற்கும், ரெமிங்டன் 700க்குச் செய்த ஸ்டாக்குகளும் (தோளில் பதியும் உடற்பகுதி) சேஸிகளும் இதற்குப் பொருந்தும். வாங்கியபின் எதையும் மாற்றாமல் சுடுவதற்கு மூன்றிலும் இதுதான் தயாராக இருப்பது என்பது என் எண்ணம்.

சாவேஜ் 110ஐயும் விட்டுவிட மனமில்லை. 1958இலிருந்து இருக்கிற வடிவம். குழலை ஒரு நட்டு வைத்துப் பிடித்திருப்பதால், ஹெட்ஸ்பேஸை (தோட்டா அறைக்குள் உட்காரும் இடைவெளி) அளக்கும் கேஜும் தகுந்த கருவியும் இருந்தால் ஆயுதப் பழுதாளர் குறைந்த நேரத்தில், குறைந்த கூலிக்கு மாற்றிவிடுவார். நிறையச் சுடப்போகிறவருக்கு நீண்ட காலத்தில் மலிவாக முடியும். போல்ட் ஓட்டம் டிக்கா அளவுக்கு இருக்காது.

இவற்றைவிடக் குறைந்த விலையில் ரூகர் அமெரிக்கன் போன்றவை உண்டு. சுட்டால் ஆச்சரியப்படும்படி துல்லியம் இருக்கும். ஆனால் மெல்லிய குழல், வளையும் பிளாஸ்டிக் ஸ்டாக். பைபாட் (இரட்டைக்கால் தாங்கி) போட்டு முன்னால் சாய்ந்தால் ஸ்டாக் வளைந்து குழலைத் தொடும், குண்டு விழும் இடம் மாறும். ஐந்தாறு தோட்டா தொடர்ந்து சுட்டால் குழல் சூடாகி, குண்டுகள் விழும் பரப்பு விரியும். வேட்டையில் முதல் குண்டுதான் கணக்கு, அங்கே இது குறையே இல்லை. உங்களுக்கு இருபது குண்டும் கணக்கு. எந்த ரைஃபிளாக இருந்தாலும் கடையிலேயே ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே நுழைத்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். அப்புறம் ஸ்டாக்கின் முன்பகுதியைக் கையால் அழுத்திக்கொண்டே அதே தாளை மறுபடி இழுங்கள்.

விளம்பரத்தில் வரும் ஒரு எம்.ஓ.ஏ உத்தரவாதத்தை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை குண்டுக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்று. அதே ரைஃபிள், அதே தோட்டா, அதே ஆள் பத்துக் குண்டு சுட்டால் பரப்பு சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் விரியும். ரைஃபிளில் கோளாறு இல்லை, எண்ணிக்கை கூடும்போது விளிம்புக் குண்டுகள் சேர்வது இயல்பு. மூன்று குண்டுத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேசுபவரின் ரைஃபிளை உங்கள் பத்துக் குண்டுத் தாளோடு ஒப்பிட்டு மனம் தளராதீர்கள்.

ஸ்கோப்போடு வரும் செட்டுக்கு நான் தெளிவாக வேண்டாம் என்கிறேன். அதில் வழக்கமாக வருவது 3-9 மடங்கு வேட்டை ஸ்கோப். திருகுகளுக்கு மூடி இருக்கும், தூரத்துக்கேற்ற பாராலக்ஸ் சரிசெய்தல் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதைத் தடுக்கும் வசதி) இருக்காது. நீங்கள் ஒவ்வொரு தூரத்துக்கும் திருகி ஏற்றி இறக்கிச் சுடப்போகிறவர். 100 மீட்டருக்குச் சரிசெய்த 6.5 கிரீட்மோர் 800 மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில் (ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. வரும் கோண அளவு) மேலே ஏற வேண்டும், .308 என்றால் 9 மில் வாக்கில். ஒரு ஸ்கோப்பின் மொத்த ஓட்டம் 18 மில் என்றால் நடுவிலிருந்து மேலே 9தான் கிடைக்கும். 1,000 மீட்டருக்கு அது போதாது. 20 எம்.ஓ.ஏ சரிவுள்ள ரெயில் (ஸ்கோப் பொருத்தும் பட்டை) ஒன்றை ஸ்கோப்புக்கு அடியில் போட்டால் கிட்டத்தட்ட 6 மில் மேலே கூடும். அந்த ரெயிலின் விலை சிறியது, வாங்கும்போதே சேர்த்து வாங்குங்கள்.

ஸ்கோப்புக்குள் தெரியும் குறிவலையும் திருகும் ஒரே அளவில் இருக்க வேண்டும், மில் என்றால் இரண்டும் மில். 4-16 அல்லது 5-25 மடங்கு போதும். வெயிலில் 25 மடங்கில் பார்த்தால் கானல் மட்டும்தான் தெரியும், 12இலோ 15இலோ சுடுவீர்கள். கண்ணாடியின் பளபளப்பைவிட, திருகினால் திருகிய அளவுக்கு நகர்கிறதா என்பதே எனக்கு முக்கியம். சோதனை எளிது. உயரமான தாளில் தூக்குக்குண்டு நூல் வைத்து நேர்க்கோடு போடுங்கள். சரியாக 100 மீட்டரிலிருந்து அடிப்புள்ளியைக் குறிவைத்து ஐந்து குண்டு சுடுங்கள். 10 மில் ஏற்றி, அதே அடிப்புள்ளியைக் குறிவைத்து இன்னும் ஐந்து. இரண்டு கூட்டத்தின் மையங்களுக்கும் நடுவே 100 செ.மீ. இருக்க வேண்டும். 97தான் என்றால் மூன்று சதவீதப் பிழை, 800 மீட்டரில் அது 17 செ.மீ. கீழே இறக்கிவிடும். துளைகள் கோட்டை விட்டுப் பக்கவாட்டில் விலகிப் போனால் ஸ்கோப் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கிறது.

பழைய ரைஃபிள் வாங்கலாம். வேட்டைக்கு வைத்திருந்து வருடத்துக்கு ஒரு பெட்டித் தோட்டாகூடச் சுடாத ரைஃபிள்கள் நல்ல பேரம். போட்டியாளர் விற்பது என்றால் குழல் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, புதுக் குழலின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் கருவி) வைத்துத் தோட்டா அறைக்கு முன்னால் உள்ள பகுதியைப் பாருங்கள். காய்ந்த களிமண் தரை போல வெடிப்புகள் படர்ந்து, வரிகளின் தொடக்கம் மழுங்கியிருந்தால் ஆயுள் குறைவு. குழல் வாயின் விளிம்பில் வெட்டோ நசுங்கலோ இருக்கக் கூடாது. ஹெட்ஸ்பேஸை ஒரு ஆயுதப் பழுதாளர் அளக்காமல் முதல் தோட்டாவைப் போடாதீர்கள். விசையை யாராவது வீட்டில் திருகி லேசாக்கியிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரெமிங்டன் 700 கிடைத்தால் இன்னொன்று: 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை எக்ஸ்மார்க் ப்ரோ விசையோடு வந்தவற்றை நிறுவனமே 2014இல் திரும்ப அழைத்தது. அந்தப் பழுது நீக்கும் வேலை முடிந்ததா என்று ரைஃபிளின் வரிசை எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்தபின்தான் வாங்க வேண்டும்.

பொருத்தம் பற்றி முதலிலேயே சொன்னேன், அது விலைப்பட்டியலில் வராத விஷயம். கடையில், ரைஃபிள் காலி என்று நீங்களே போல்ட்டைத் திறந்து பார்த்தபின், பாதுகாப்பான திசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைப் பதியுங்கள். கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய வேண்டும். தலையைத் தூக்கினால்தான் தெரிகிறது என்றால் கன்னத் தாங்கி தாழ்வு. அதைச் சரிசெய்யச் சேஸி வேண்டாம், கட்டிக்கொள்ளும் கன்னப்பட்டையே போதும்.

விலை குறைந்தது என்பதற்காகத் தவிர்க்கக் கூடாத ஒன்று காதுப் பாதுகாப்பு. இந்த வகை ரைஃபிளின் ஒலி 160 டெசிபலைத் தொடும், 140ஐத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து. உள்ளே அடைப்பான், மேலே மூடி, இரண்டும் சேர்த்துப் போடுங்கள். பக்கத்தில் யாராவது மஸில் பிரேக் (உதையைக் குறைக்கக் குழல் வாயில் மாட்டுவது) போட்டுச் சுட்டால் இன்னும் அதிகம்.

உங்கள் .22ஐ விற்றுவிடாதீர்கள். 150, 200 மீட்டரில் அந்த மெதுவான குண்டைக் காற்று எப்படித் தள்ளுகிறது என்று பார்த்துப் பழகினால், பெரிய ரைஃபிளுக்கான காற்றுப் பாடம் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். வாரத்தில் நாலு நாள் .22, ஒரு நாள் பெரியது என்று வைத்துக்கொண்டால் நீங்கள் ஒதுக்கிய தோட்டா வருடம் முழுக்க வரும்.

ரைஃபிள் வந்ததும் மூன்று வகைப் போட்டித் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு 100 மீட்டரில் சுடுங்கள். முடிந்தால் கிளப்பில் யாரிடமாவது குரோனோகிராஃப் (வேகம் அளக்கும் கருவி) இரவல் வாங்கிக் குண்டின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகத்தில் வினாடிக்கு 9 மீட்டர் வித்தியாசம் வந்தாலே 800 மீட்டரில் 12, 13 செ.மீ. மேலும் கீழுமாகப் போகும். பரப்பும் சிறிதாக, வேகமும் சீராக இருக்கும் வகையை, ஒரே லாட் எண்ணில் (ஒரே உற்பத்தித் தொகுதியில்), ஒதுக்கிய பணத்துக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு வாங்கிவிடுங்கள். பித்தளை உறைகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள். சொந்தமாகத் தோட்டா நிரப்புவதைச் சட்டம் அனுமதித்தால், அடுத்த வருடம் அவை பயன்படும்.

தளத்தில் எந்தப் போட்டி, எத்தனை மீட்டர், உரிமம் எந்தத் தோட்டாவுக்கு என்ற மூன்றும் தெரிந்ததும் மறுபடி எழுதுங்கள். ஸ்கோப்பின் உயரத்தையும் வளையங்களையும் அந்த ரைஃபிளுக்கேற்பச் சொல்கிறேன்.